ஒருத்தனையும் கொல்லாம டியூஸ் எக்ஸ் ஹியூமன் ரெவல்யூஷன் முடிக்கிறது எப்படி

ஏ/எல் எழுதிட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல இருக்கற தம்பிமாருக்கும், வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணித்தியாலம் விளையாடுற ஆளுங்களுக்கும் சேர்த்து எழுதுறேன். டியூஸ் எக்ஸ் ஹியூமன் ரெவல்யூஷன் 2011ல வந்த கேம். பழசுதான், ஆனா நம்ம பக்கம் அதுதான் வசதி, 2 ஜிபி ராம் உள்ள பழைய மெஷின்லயே ஓடும், ஹார்ட் டிஸ்க்ல ஒரு 8.5 ஜிபி இடம் இருந்தா போதும். 2013ல திருத்தி திரும்ப விட்ட டைரக்டர்ஸ் கட் வெர்ஷன் அதைவிட பெருசு, டேட்டா இருக்கறவங்க அதையே எடுங்க, ஏன்னு கடைசியில பாஸ் பத்தி சொல்றப்ப சொல்றேன்.

இதுல ஒருத்தனையும் கொல்லாம முடிச்சா பேசிஃபிஸ்ட்னு ஒரு அச்சீவ்மென்ட் கிடைக்கும், ஒரு அலாரமும் அடிக்க விடாம முடிச்சா ஃபாக்சியஸ்ட் ஆஃப் த ஹவுன்ட்ஸ். ரெண்டையும் ஒரே ரன்ல எடுக்கலாம். நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, பில்டிங்ல இருக்கற அத்தனை பேரையும் அடிச்சு மயக்கி ஒரு ரூம்ல குவிச்சு வச்சுட்டு நான் ஸ்டெல்த், அதாவது பதுங்கி விளையாடுறேன்னு சொல்றாங்க. கேம் அதுக்கு எக்ஸ்பியும் (அனுபவப் புள்ளி) குடுக்குது, கிட்டப் போய் கையால கொன்னா 30, மயக்குனா 50, அதனால ஆசை வரத்தான் செய்யும். ஆனா ஒரு ஏரியாவை யார் கண்ணுலயும் படாம முடிச்சா கோஸ்ட்டுக்கு 500, அலாரம் அடிக்காம முடிச்சா ஸ்மூத் ஆபரேட்டருக்கு 250 தனியா வருது, அதை விட்டுட்டு தலைக்கு அம்பதுக்கு ஓடுறது என்ன கணக்குன்னு எனக்கு விளங்கல. பத்து பேர் இருக்கற இடத்துல ரெண்டு பேரை மட்டும் தொட்டு, மத்த எட்டு பேருக்கும் நீங்க வந்துபோனதே தெரியாம கடந்து போறீங்க பாருங்க, அந்த ருசிக்காகத்தான் இப்படி விளையாடுறது.

ஆரம்பத்துலயே கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. கம்பியூட்டர்ல க்யூ பட்டனை தட்டி விட்டா நம்ம ஹீரோ ஜென்சன் ஆளை அடிச்சு மயக்குவான், அதே பட்டனை அழுத்திப் பிடிச்சா கையில இருந்து கத்தி வந்து குத்திருவான். பதட்டத்துல விரல் ஒரு செக்கன் கூட இருந்தாலும் பேசிஃபிஸ்ட் போச்சு, அந்த நேரம் கேம் ஒண்ணும் சொல்லாது, கதை முடிஞ்ச பிறகுதான் அச்சீவ்மென்ட் வரலன்னு தெரியும். அதனால தட்டிட்டு உடனே விரலை எடுக்கற பழக்கத்தை முதல் மிஷன்லயே போட்டுக்கங்க. அப்புறம் சேவ். ஒரே ஸ்லாட்ல மேல மேல எழுதாம வெவ்வேற ஸ்லாட்ல வச்சுக்கங்க. மழை நேரம் ஹட்டன் பக்கம் கரண்ட் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, காத்து அடிக்க ஆரம்பிச்சா நான் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சேவ் போடுறேன்.

கதை தொடங்கும்போது ஜென்சனுக்கு இன்னும் இயந்திரக் கை எல்லாம் இல்ல, ஒரு துப்பாக்கியை மட்டும் குடுத்து லேப்ல விடுவாங்க. அங்கயும் சுடாதீங்க. குனிஞ்சு, மறைவுல ஒட்டி ஒட்டி போனா அங்கயும் தப்பிச்சு போக வழி இருக்கு.

அதுக்கப்புறம் முதல் மிஷனுக்கு ஹெலிகாப்டர்ல போறப்ப முதலாளி சாரிஃப் கேப்பாரு, கொல்ற ஆயுதமா கொல்லாததா, கிட்ட இருந்தா தூரத்துல இருந்தான்னு. கொல்லாததுன்னு சொல்லிட்டு தூரம்னா மயக்க ஊசி சுடுற ட்ராங்குலைசர் ரைஃபிள், கிட்டன்னா ஷாக் அடிக்கற ஸ்டன் கன். என்னைக் கேட்டா ட்ராங்குலைசர் எடுங்க. தலையில பட்டா ஆள் அப்படியே விழுந்துருவான், உடம்புல பட்டா மருந்து ஏற கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த நேரத்துல அவன் சும்மா நிக்க மாட்டான், அதனால உடம்புல சுடுறதா இருந்தா தனியா நிக்கறவனை மட்டும் சுடுங்க. ஸ்டன் கன்னுக்கு கிட்டப் போகணும், ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான், ஆனா பட்டவுடனே விழுவான், பேக்ல இடமும் கம்மியா பிடிக்கும். ஆளை மயக்கற புகையை விடுற கேஸ் கிரனேட் கிடைச்சா விக்காதீங்க. இன்னொண்ணு, அந்த ஹெலிகாப்டர்ல ஏறாம ஆபீஸ்ல ரூம் ரூமா மேஞ்சுக்கிட்டு இருந்தா மிஷன் நடக்கற ஃபேக்டரில பிடிச்சு வச்சிருக்கற பணயக்கைதிங்க செத்துருவாங்க. அது உங்க கையால நடந்த கொலை இல்லதான், ஆனா ஒருத்தனையும் கொல்லாம விளையாட வந்துட்டு முதல் வேலையே இப்படி ஆனா எப்படி.

இப்ப நடக்கற முறைக்கு வருவோம். ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சவுடனே எதையும் செய்யாதீங்க. சுவர்ல ஒட்டி நில்லுங்க, ஒட்டினவுடனே கேமரா ஜென்சனுக்கு வெளிய வந்துரும், அப்ப தலையை நீட்டாமலே மூலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பாக்கலாம். காவல்காரன் ஒவ்வொருத்தனும் கங்காணி மலை சுத்தி வர்ற மாதிரி ஒரே ரூட்ல தான் வருவான், ஒரு மூலையில நிப்பான், கொஞ்ச நேரம் சும்மா பாப்பான், திரும்பி நடப்பான். ரெண்டு சுத்து முழுசா பாருங்க. அவன் முதுகைக் காட்டி நடக்கற நேரம் எவ்வளவு, அந்த நேரத்துல நீங்க குனிஞ்சபடியே அடுத்த மேசை வரைக்கும் போக முடியுமா, போக முடியலன்னா நடுவுல ஒளிய ஏதாவது பெட்டி இருக்கா, இவ்வளவுதான் கணக்கு. ஓடுனா சத்தம் கேக்கும், குனிஞ்சு போனா கேக்காது. ஒருத்தன் நகரவே மாட்டேன்னு நின்னா ஒரு பெட்டியைத் தூக்கி வேற பக்கம் எறிஞ்சா சத்தம் கேட்டு பாக்கப் போவான், நீங்க இந்தப் பக்கமா போயிரலாம். ஹெட்ஃபோன் போட்டு விளையாடுறது நல்லது, காலடிச் சத்தம் எந்தப் பக்கம்னு தெரியும், லயத்து வீட்ல இருந்தா பக்கத்து வீட்டு ஆளுங்களும் நிம்மதியா தூங்குவாங்க.

கட்டாயமா ஒருத்தனை மயக்கணும்னா அதுக்கும் செலவு இருக்கு. ஒரு டேக்டவுனுக்கு, அதாவது க்யூ தட்டி ஒரு ஆளை அடிக்கறதுக்கு, ஒரு எனர்ஜி செல் போகும், பழைய வெர்ஷன்ல முதல் செல் மட்டும்தான் தானா ஏறும், மத்ததுக்கு சைபர்பூஸ்ட் பார் திங்கணும், அதனால வரிசையா அடிச்சுக்கிட்டே போகவும் முடியாது. மயங்கினவனை அங்கயே விட்டுட்டு போயிராதீங்க, கூட்டாளி வந்து பாத்தா தட்டி எழுப்பிருவான், ரெண்டு பேரும் சேர்ந்து உங்களைத் தேடுவாங்க. கேமராவுக்கும் படாம, நடக்கற வழிக்கும் படாம இழுத்துட்டுப் போய் மறைச்சு வைங்க. உயரமான இடத்து ஓரத்துல நிக்கறவனைத் தொடாதீங்க, மயங்கி கீழ விழுந்தா விழுற அடியில செத்தாலும் செத்துருவான்.

ஜென்சனோட இயந்திர உடம்புல புதுத் திறமையைத் திறக்கற பிராக்சிஸ் பாயிண்ட்டை எதுல போடுறதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. 5000 எக்ஸ்பிக்கு ஒண்ணு வரும், கேம்ல வர்ற லிம்ப் கிளினிக்ல 5000 கிரெடிட் (கேம் காசு) குடுத்தும் வாங்கலாம், அங்க போனவுடனே வாங்கிருங்க. முதல்ல ஹேக்கிங், அதை யோசிக்கவே வேணாம். ஹேக் பண்ண முடிஞ்சா கதவு திறக்கும், செக்யூரிட்டி கம்பியூட்டர்ல உக்காந்து கேமராவை ஆஃப் பண்ணலாம், ஹேக் பண்றதுக்கே எக்ஸ்பியும் வரும். டரட்டையும் (தானா சுடுற துப்பாக்கி மெஷின்) ஆஃப் பண்ணுங்க, எதிரி பக்கம் திருப்பி விடாதீங்க, அது சுட்டு யாராவது செத்தா நமக்குத்தான் தலைவலி. அடுத்து பாரமான சாமானைத் தூக்கறது, ஏன்னா நுழைஞ்சு போற வென்ட் (காத்துக் குழாய்) வாசலை எல்லாம் பெரிய பெட்டி, வென்டிங் மெஷின் வச்சு மறைச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் உயர குதிக்கறது, உயரத்துல இருந்து அடிபடாம இறங்கற ஐகரஸ். கண்ணுக்குத் தெரியாம போற க்ளோக்கிங் பின்னாடி எடுத்தா போதும், அது எனர்ஜியை சும்மா குடிக்கும். துப்பாக்கி ஆட்டத்தைக் குறைக்கறது, தோலைத் தடிப்பாக்கறது எல்லாம் இந்த விளையாட்டுக்கு வீண்.

பேச்சுத் திறமைக்கு பாயிண்ட் போட்டாலும் நட்டம் இல்ல. டெட்ராய்ட் பொலிஸ் ஸ்டேஷனைப் பாருங்க, உள்ள சவக்கிடங்குக்குப் போகணும். ட்ரெய்னேஜ் வழியா போகலாம், பின்பக்கமா ஏறிப் போகலாம், இல்லன்னா முன்வாசல்ல இருக்கற ஹாஸ்கிட்ட பேசலாம். அவன் ஜென்சனோட பழைய பொலிஸ் கூட்டாளி, பழைய கேஸ் ஒண்ணு அவன் மனசுல உறுத்திக்கிட்டு இருக்கு. அவன் சொல்றதைக் கேட்டு, மூஞ்சியைப் பாத்து பதில் சொன்னா கதவைத் திறந்து விட்டுருவான், அப்புறம் ஸ்டேஷன் முழுக்க பொலிஸ்காரங்க மத்தியிலயே கைவீசி நடக்கலாம். ஒருத்தனையும் மயக்கவும் வேணாம், ஒளியவும் வேணாம். எனக்கு இந்தக் கேம்லயே பிடிச்ச இடம் அதுதான்.

கஷ்டமான இடம்னா ரெண்டாவது தடவை சீனாவுல இருக்கற ஹெங்ஷா போறப்ப. ஜென்சனை ஏத்திட்டு வர்ற பைலட் பொண்ணு மாலிக்கோட ஹெலிகாப்டரை சுட்டு இறக்கிருவாங்க, சுத்திவர பெல்டவர்ங்கற கூலிப்படை ஆளுங்க, நீங்க ஓடிப்போனா அவ சாவா. நின்னு காப்பாத்தலாம், ஆனா நேரம் கம்மி, ஒருத்தனையும் கொல்லவும் கூடாது. அதுக்காகத்தான் கேஸ் கிரனேட்டை சேத்து வைக்கச் சொன்னேன். ட்ராங்குலைசர்ல மேல நிக்கறவங்களை முதல்ல எடுங்க, க்ளோக் இருந்தா இங்க தாராளமா செலவழிங்க. ரோபோ ஒண்ணு வரும், அதுக்கு மெஷினை செயலிழக்க வைக்கற ஈஎம்பி கிரனேட் ரெடியா வச்சுக்கங்க, ஆனா பக்கத்துல ஆள் நிக்கறப்ப எறியாதீங்க, ரோபோ வெடிச்சா பக்கத்துல இருக்கறவனும் போவான்.

பாஸ், அதாவது பெரிய வில்லன்களோட சண்டையில இருந்து மட்டும் தப்பிக்க முடியாது, கொன்னுதான் ஆகணும், அது பேசிஃபிஸ்ட் கணக்குல வராது. பதுங்கிப் பதுங்கி வந்தவனை ஒரு ரூம்ல பூட்டி மெஷின்கன்காரன் முன்னாடி நிறுத்தறது என்ன நியாயம்னு கேம் வந்த காலத்துலயே எல்லாரும் திட்டுனாங்க. அந்தச் சண்டைகளை வேற கம்பெனிக்கு குடுத்து செய்ய வச்சாங்க. டைரக்டர்ஸ் கட்ல அந்த இடங்களை மாத்தி, ஹேக் பண்ணி ஜெயிக்கற மாதிரி வழி போட்டிருக்காங்க, அதனாலதான் அதை எடுக்கச் சொன்னேன். பழைய வெர்ஷன்லயே விளையாடுறவங்க முதல் பாஸ் பாரெட் ரூம்ல இருக்கற பீப்பாயைத் தூக்கி அவன் மேலயே எறியுங்க, அடுத்தடுத்த பாஸுக்கு உடம்புல இருந்து சுத்திவர குண்டு வெடிக்கற டைஃபூன் ஆக்மென்ட் ஒண்ணு எடுத்து வைங்க. அதை பாஸ் தவிர வேற எங்கயும் அமத்தாதீங்க, சுத்தி நிக்கற எல்லாரையும் கொன்னுரும்.

கடைசி இடம் பான்கேயாவுல வெறி பிடிச்சு ஓடி வர்றவங்க எதிரிங்க இல்ல, அங்க வேலை செஞ்ச சாதாரண ஆளுங்க, மூளையில இருக்கற சிப்பாலதான் அப்படி ஆயிட்டாங்க. கூட்டமா வந்து விழுவாங்க, பயத்துல சுட்டுறாதீங்க, அவங்களும் கணக்குலதான். முடிஞ்சவரைக்கும் உயரமா ஏறி, க்ளோக்ல சுத்திப் போங்க, மாட்டிக்கிட்டா கேஸ் கிரனேட் ஒண்ணு போட்டுட்டு நகருங்க, அதுக்கு ஒரு ரெண்டு மூணாவது பேக்ல மிச்சம் இருக்கணும்.