கணைக்கால் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்கா மகன் போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு நாள் காலையில் போன் செய்து, "மாமா, கணுக்கால்ல வலி பின்னுது, ஓடவே முடியல" என்றான். சுளுக்கு என்று நினைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றச் சொன்னேன். மூன்று நாள் கழித்து நேரில் பார்த்தால், கணுக்காலுக்கு ஒரு ஜாண் மேலே, எலும்பின் உள் ஓரத்தைத் தடவிக் காட்டுகிறான். "இதுவாடா கணுக்கால்?" என்றேன். "அப்ப இதுக்கு என்ன பேரு மாமா?" என்று கேட்டான்.

அதற்குக் கணைக்கால் என்று பேர். பள்ளியில் சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் படித்திருப்போம். சிறையில் கேட்ட தண்ணீர் நேரத்துக்குக் கிடைக்காமல், பிறகு வந்ததைக் குடிக்க மறுத்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் அரசன். அதோடு அந்தச் சொல்லையும் பாடப்புத்தகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். ஓர் எழுத்து மாறினால் இடமே மாறிவிடும். கரும்பிலும் மூங்கிலிலும் இருக்கிறதே கணு, அதுபோல மூட்டாகப் புடைத்திருப்பது கணுக்கால். சில ஊர்களில் கரண்டை என்பார்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே நீளமாக ஓடுவது கணைக்கால். அதன் பின்பக்கத்துச் சதை கெண்டைக்கால். முன்னங்கால் என்றும் சிலர் சொல்கிறார்கள். அது ஆடு மாட்டுக்குச் சொல்வது. பேர் வராவிட்டால் பரவாயில்லை, டாக்டரிடம் வெறுமனே "கால் வலி" என்று சொல்லாமல், வலிக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள்.

விரல் வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஓடுகிறவர்களுக்கு எலும்பின் உள் ஓரத்தில் நாலைந்து விரல்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் அது எலும்போடு தசை ஒட்டும் இடத்தில் வந்த உளைச்சல். ஒரே புள்ளியில், ஒற்றை விரலால் தொட்டாலே உயிர் போகிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாம்" என்று மறுநாளே ஓடப் போவதுதான் பெரிய தவறு. அதற்கு முந்தைய தவறு, தேர்வுத் தேதி வந்த பிறகு தார் ரோட்டில், தேய்ந்த ஷூவோடு, முதல் வாரமே தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது. நெஞ்சுக்குத் தம் சீக்கிரம் கூடிவிடும். எலும்பு அந்த வேகத்துக்குப் பழகாது. மண் தரையில் ஓடி, தூரத்தை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வலி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வலிக்காத அளவுக்கு சைக்கிள் மிதிக்கலாம்.

அடுத்தது அடிபடும்போது. இரும்புக் கட்டிலின் சட்டம், பஸ் படிக்கட்டு, பைக்கின் கிக்கர் எல்லாம் குறி வைத்தது போல இங்கேதான் இடிக்கும். இங்கே இடித்தால் கண்ணில் பொறி பறக்கக் காரணம் இருக்கிறது. கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். நடுவில் மெத்தையாகச் சதை கிடையாது. எலும்பைச் சுற்றியுள்ள சவ்வில் வலி நரம்புகள் நிறைய. அடிபட்டதும் எண்ணெயைச் சூடாக்கிப் பரபரவென்று தேய்த்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. உள்ளே கசியும் ரத்தம் அதனால் இன்னும் பரவும். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தால் போதும். வீக்கம் கல் மாதிரி இறுகி, வலி நேரமாக ஆக ஏறி, பாதம் மரத்துப்போனால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தசைக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தோல் கிழிந்திருந்தால் காபித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்ப வேண்டாம். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தால், அதற்கான டிடி ஊசி பற்றிக் கேளுங்கள். இந்த இடத்தில் தோல் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் புண் மெதுவாகத்தான் ஆறும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் "சின்ன சிராய்ப்புதானே" என்று வேட்டிக்கும் புடவைக்கும் அடியில் மறைத்து வைப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கும். அவர்கள் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். மற்றவர்களும் இரண்டு வாரத்தில் மூடாத புண்ணைக் காட்டியாக வேண்டும்.

கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு, கணைக்காலின் முன்பக்கத்தை மறைக்கும் ஷின் கார்டு வாங்காமல் விடுவதும் தவறு. ஆட்ட விதிகளிலேயே அது கட்டாயம்.

வயதானவர்களுக்குக் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கும்போது நாம் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு, "செருப்பு இறுக்கம்" என்று விட்டுவிடுகிறோம். கணைக்காலின் முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, ஐந்து விநாடி மெதுவாக அழுத்தி எடுங்கள். அடியில் எலும்பு இருப்பதால் நீர் கோத்திருந்தால் குழி தெளிவாகத் தெரியும். பிசைந்த மாவில் விரல் பட்டது போலக் குழி அப்படியே நின்றால், அது செருப்பால் வந்தது இல்லை. இரண்டு காலிலும் இருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் இப்படிச் செய்யும். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலும் வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை நீவிவிடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.