நாற்பது வளைவுக்கு இரண்டு துண்டு இஞ்சி மரப்பா

பொள்ளாச்சி–வால்பாறை வண்டியில் கண்டக்டராக இருந்தவன் நான். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். அங்கிருந்து அணையைப் பார்க்க வண்டியே ஒரு பக்கம் சாயும். எனக்கு அந்த வளைவு என்றால் வாந்திதான் ஞாபகம். புரட்டலோடு ஏறியவர்கள் பெரும்பாலும் அதற்குள் எடுத்துவிடுவார்கள்.

சிலர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவார்கள். நான் டிக்கெட் பையின் பக்கவாட்டு அறையில் இஞ்சி மரப்பா வைத்திருப்பேன். பத்துப் பேருக்குக் கொடுத்தால் பத்துப் பேருக்கும் கேட்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பலன் கிடைத்த அத்தனை பேரும் முன்கூட்டியே தின்றவர்கள். வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மரப்பாவும் சேர்ந்துதான் வெளியே வரும். ஆகவே மலை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போதே, இரண்டு துண்டு வாயில் போட்டு மெல்ல மெல்லக் கரைய விடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, புரோட்டா தின்று நிரப்பிய வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். இரைப்பையில் இருப்பதைச் சீக்கிரம் கீழே தள்ளிவிடும் குணம் இஞ்சிக்கு உண்டு, அதுதான் விஷயம். அப்புறம் போனைப் பார்க்காமல் முன்னால் ரோட்டைப் பாருங்கள். அது இஞ்சியைவிடப் பெரிய மருந்து.

பஸ் ஸ்டாண்டில் விற்கிற மரப்பாவில் பல நேரம் சர்க்கரைதான் தூக்கல். வீட்டில் செய்வது கஷ்டமில்லை. 100 கிராம் இஞ்சிக்கு 250 கிராம் சர்க்கரை. முற்றின இஞ்சியாகப் பாருங்கள். தோல் தடித்து, ஒடித்தால் நார் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மெல்லிசுத் தோலோடு பளபளவென்று இருக்கும் இளசு ஊறுகாய்க்கு ருசி, மருந்துக்குக் காரம் பத்தாது. தோலைச் சீவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழியுங்கள். அந்தச் சாற்றை இருபது நிமிடம் ஆடாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு மண்டி இறங்கும். எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, அதை நஞ்சு என்பாள். இஞ்சிக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்று பாட்டு மாதிரி சொல்வாள். உண்மையில் அது இஞ்சியின் மாவுச்சத்து, நஞ்செல்லாம் இல்லை. ஆனாலும் நான் இன்றைக்கும் அதைக் கீழேதான் ஊற்றுகிறேன். கை கேட்பதில்லை.

தெளிந்த சாற்றையும் சர்க்கரையையும் அடி கனமான சட்டியில் போட்டுச் சின்னத் தீயில் கிளறுங்கள். பொங்கி நுரைத்து, பிறகு அடங்கி, கரண்டி கனக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும். உடனே இறக்கி, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, ஓரம் வெளுக்கிற வரை கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டுங்கள். சூடாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். நான் முதல் தடவை டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனேன், திரும்பி வந்து சுத்தியலால் உடைத்தேன். வெல்லத்திலும் செய்யலாம், ஆனால் மழைக்காலத்தில் நசநசத்துப் போகும். சர்க்கரை வியாதிக்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஒரு துண்டு பச்சை இஞ்சியில் உப்புத் தொட்டு மென்றாலே போதும்.

ஓய்வு பெற்ற புதிதில் எனக்கு ஒரு வீடியோ வந்தது. காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம் சாப்பிட்டால் கிழவனும் குமரனாவான் என்று பழம்பாட்டைச் சொல்லி, வெறும் வயிற்றில் அரை டம்ளர் இஞ்சிச் சாறு குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். பத்தாம் நாள் நெஞ்செரிச்சலில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "தினமும் புதுசா என்ன சாப்பிடறீங்க?"

இப்போது என் கணக்கு ஒரு டீஸ்பூன் தெளிந்த சாறு, ஒரு டீஸ்பூன் தேன், அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். அதுவும் தினமும் கிடையாது. முந்தின நாள் கல்யாண விருந்து தின்று வயிறு உப்பிக் கிடந்தால் மட்டும், ஏதாவது சாப்பிட்ட பிறகு.

தேனில் ஊறப்போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல். இஞ்சியைச் சீவி மெல்லிசாக நறுக்கிய பின் ஈரம் போகிற வரை துணியில் பரப்பி உலர்த்துங்கள். ஈரத்தோடு போட்டால் பாட்டிலில் நுரை கட்டிப் புளித்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இது கூடாது, எந்தத் தேனும் கூடாது.

சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் பச்சை இஞ்சியைவிடச் சுக்குதான் என் கட்சி. காயும்போது இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால் என்ற பொருளில் ஒரு பகுதி ஷோகால் ஆக மாறுகிறது, அது இன்னும் காரம். ஷோகா என்றால் ஜப்பான் மொழியில் இஞ்சி, அதிலிருந்து வந்த பெயர். கடையில் வெள்ளைவெளேரென்று இருக்கும் சுக்கு சுண்ணாம்பு பூசினது, அதைச் சுரண்டிவிட வேண்டும். 50 கிராம் சுக்கை உரலில் தட்டிவிட்டுத்தான் மிக்ஸியில் போடுங்கள். முழுசாகப் போட்டு நான் ஒரு பிளேடைக் காவு கொடுத்திருக்கிறேன். அதோடு வறுத்த மல்லி 50 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், ஏலக்காய் ஐந்து. ஒரு டம்ளர் தண்ணீருக்கு முக்கால் ஸ்பூன் பொடி, கருப்பட்டி தட்டிப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டிக் குடியுங்கள். சளியை இது விரட்டாது, அது போகிற நாளில்தான் போகும். அதுவரை தொண்டைக்கு இதமாக இருக்கும், தூக்கம் வரும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் சுக்கை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

தலைவலிக்குச் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது எங்கள் வீட்டில் உண்டு. மெல்லிசாகப் போடுங்கள், எரிந்தால் கழுவிவிடுங்கள், கண் பக்கம் போகவே கூடாது.

இஞ்சி டீயில் பால் திரிகிறது என்று என் மருமகள் பாலைக் குறை சொல்வாள். பாவம், பால் என்ன செய்யும்? பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. கொதித்தால் அது செத்துவிடும். இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதித்த பிறகு தூள், அதற்கப்புறம் பால். வால்பாறை டீக்கடைகளில் பார்த்துக் கற்றது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், இவர்கள் குழம்பில் போடுகிற இஞ்சிக்குப் பயப்பட வேண்டாம். சாறு, பொடி என்று மருந்தாக எடுப்பதானால் டாக்டரிடம் கேட்டுவிட்டு. மசக்கையில் இருக்கும் பெண்களுக்கு இஞ்சி கேட்கும்தான், ஆனாலும் அளவை அவர்களுடைய டாக்டர் சொல்லட்டும்.

மீந்த இஞ்சியை ஈர மணலில் புதைத்து வைத்தால் வாடாது. பூசணம் பிடித்ததை வெட்டித் திருத்தாமல் மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். முளை விட்டதை மட்டும் போடாதீர்கள். சித்திரை, வைகாசியில் பழைய சிமெண்டுச் சாக்கில் மண்ணும் எருவும் நிரப்பி, முளை மேலே பார்க்க இரண்டு விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகும். எட்டு மாதம் கழித்து இலை மஞ்சளாகிச் சாய்ந்தால் தோண்டலாம். எங்கள் மொட்டை மாடியில் இந்த வருசம் மூன்று சாக்கு, முழங்கால் உயரம் வந்திருக்கிறது. முளைக்கிறதா என்று வாரம் ஒரு முறை பேத்தி தோண்டிப் பார்த்ததில் நாலாவது சாக்கு வரவில்லை.