இரவுப் பாலூட்டலும் திக்ரும்

பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு இருக்கும் நிஃபாஸ் நாட்களில் தொழுகை இல்லை. ஆனால் திக்ருக்கும் (இறைவனை நினைத்து ஓதுதல்) துஆவுக்கும் (பிரார்த்தனை) தடையில்லை. இதை மறந்துவிட்டு, "இபாதத்தே (வணக்கமே) இல்லாமல் போகிறதே" என்று வருந்தும் தாய்மார்கள் அதிகம்.

இரவில் பால் கொடுக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையை மார்போடு அணைக்கும்போது பிஸ்மில்லாஹ். பிறகு சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. மாவரைத்துக் கை காய்த்துப்போன மகள் ஃபாத்திமா (ரலி) பணியாள் கேட்டபோது, படுக்கைக்குச் செல்லும்போது ஓதும்படி நபி (ஸல்) கற்றுத்தந்தது இதுதான். தூக்கமில்லாத தாய்க்கு இதைவிடப் பொருத்தமான திக்ரு எனக்குத் தெரியவில்லை.

எண்ணி ஓத உதவும் தஸ்பீஹ் மணி வேண்டாம், குழந்தையின் கையில் சிக்கும். கைப்பேசியும் வேண்டாம், வெளிச்சத்தில் குழந்தை விழித்துக்கொள்ளும். ஒரு கை தலையைத் தாங்கியிருக்க, மறு கையின் விரல் கணுக்களில் எண்ணலாம், விரலுக்கு மூன்று. அந்த விரலையும் குழந்தை இறுகப் பற்றிக்கொண்டால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். நாவு ஓதினால் போதும்.

தோளில் சாய்த்துத் தட்டும்போது ஏப்பம் வந்ததா? அதற்கும் ஓர் அல்ஹம்துலில்லாஹ். கண் சொக்கினால் பாதியில் நிறுத்திவிட்டு, முதலில் குழந்தையைப் பத்திரமாக அதன் இடத்தில் கிடத்துங்கள். மீதியை அடுத்த அழுகைக்கு எழும்போது ஓதலாம்.