ஈசிஜி எடுக்கப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈசிஜி எடுக்கப் பழகும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் எங்கள் பிரிவுக்கு வருகிறார்கள். டிப்ளமோ படிப்பவர்கள், நர்சிங் முடித்தவர்கள், சில சமயம் ஹவுஸ் சர்ஜன்கள். ஆள்தான் மாறுகிறார்கள், தவறு மாறுவதில்லை. நாங்கள் பழகிய காலத்தில் எந்த இடத்தில் கை தடுமாறியதோ அதே இடத்தில்தான் இவர்களுக்கும் தடுமாறுகிறது. நேரில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஜெல்லி தடவ மறப்பது, பேப்பர் தீர்ந்ததைக் கவனிக்காதது, சார்ஜ் இல்லாத மெஷினை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போவது, இதெல்லாம் இங்கே வேண்டாம். பழகப் பழகத் தானே சரியாகிவிடும். காகிதம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், கோடு அழகாக ஓடியிருக்கும், ஆனால் தகவல் தவறாக இருக்கும். அந்த வகைத் தவறுகள்தான் ஆபத்து. ஏனென்றால் டாக்டர் பெரும்பாலும் நோயாளியின் நெஞ்சைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ஈசிஜி இப்போது செல்போனில் படமாக மாவட்டத் தலைநகரத்து இதய மருத்துவருக்குப் போகிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா வேண்டாமா என்பதை அவர் அந்தப் படத்தை வைத்துச் சொல்கிறார். எலெக்ட்ரோடு எந்த விலாவுக்குக் கீழே ஒட்டியிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வி1, வி2 இரண்டையும் மேலே ஏற்றி வைப்பது

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வி1 முதல் வி6 வரை என்பவை நெஞ்சில் வைக்கும் ஆறு எலெக்ட்ரோடுகள். முதல் இரண்டும் நெஞ்செலும்பின் இரு ஓரத்திலும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் வாங்க ஒரு கொத்தனார் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, நல்ல உடம்பு. வெளியே ஒரு லேபில் எடுத்த ஈசிஜியில் வி1, வி2 இரண்டிலும் ஆர் அலையே (ஒவ்வொரு துடிப்பிலும் கோடு மேலே எழும் முனை) இல்லை. "பழைய அட்டாக் மாதிரி இருக்கு" என்று யாரோ சொல்லி ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் சாரத்தில் ஏறவில்லை. அட்டாக் வந்தவனுக்கு மேலே நிற்கும்போது மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று பயம். கூலி நின்றுபோயிற்று. எங்களிடம் வந்த அன்று காலையில் அதே லேபில் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அதே முடிவு. இரண்டு காகிதத்தையும் மடித்துப் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். எலெக்ட்ரோடின் ரப்பர் பல்பு உறிஞ்சிய சிவப்பு வளையங்கள் நெஞ்சில் இன்னும் மறையாமல் இருந்தன. முதல் இரண்டு வளையமும் காரை எலும்புக்கு இரண்டு விரல் கீழே! நான்காவது இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடமும் இல்லை. விலாவை எண்ணிச் சரியான இடத்தில் வைத்து எடுத்தோம். வி1-இல் சின்னதாக, தெளிவாக ஆர் அலை வந்தது. வி2-இல் அதைவிடப் பெரிதாக வந்தது. எக்கோவிலும் இதயச் சுவர் நன்றாகவே அசைந்தது. அந்த மனிதருக்கு அட்டாக் வரவே இல்லை. எலெக்ட்ரோடு இரண்டு விலா மேலே போனதற்கு ஒரு குடும்பம் கூலியை இழந்திருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மறக்காது. எலெக்ட்ரோடு என்பது தெருமுனையில் நிற்கும் ஆள் மாதிரி. தேர் தன்னை நோக்கி வந்தால் கோடு மேலே ஏறும், விலகிப் போனால் கீழே இறங்கும். கீழறைகளில் மின்னோட்டம் முதலில் தொடும் இடம் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவர். அது இடமிருந்து வலமாகத் தூண்டப்படுகிறது. வலது முன்பக்கம் இருக்கும் வி1 அதைத் தன்னை நோக்கி வருவதாகப் பார்க்கிறது. அதுதான் அந்தச் சின்ன ஆர். அடுத்த கணம் தடித்த இடது கீழறை தூண்டப்படுகிறது. அலை இடதுபுறமும் பின்புறமும் விலகிப் போவதால் வி1-இல் ஆழமான எஸ், அதாவது கீழே இறங்கும் அலை, விழுகிறது. இப்போது எலெக்ட்ரோடை மேலே ஏற்றுங்கள். ஏற ஏற அந்தச் சின்ன ஆர் சுருங்குகிறது. சிலருக்கு முழுதாகவே மறைந்து, கோடு நேராகக் கீழே இறங்குகிறது. தடுப்புச் சுவர்த் தசை அட்டாக்கில் செத்துப்போனாலும் படம் இதே மாதிரிதான் இருக்கும், செத்த தசையில் மின்சாரம் கிடையாதே. இன்னும் சிலருக்கு எஸ்-க்குப் பிறகு இரண்டாவதாக ஓர் ஆர் முளைக்கும். வலது கிளையில் கடத்தல் தாமதம் என்று எழுதிவிடுவார்கள். டி அலையும் தலைகீழாகலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வி2-இன் பி அலையை, அதாவது மேலறைகள் தூண்டப்படும்போது வரும் முதல் சின்ன அலையை, பாருங்கள். இதயத்துடிப்பு தொடங்கும் சைனஸ் கணு வலது மேலறையின் உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து அலை கீழ்நோக்கி, இடப்பக்கமாக இறங்குகிறது. எலெக்ட்ரோடு சரியான இடத்தில் இருந்தால் வி2-இல் பி நிமிர்ந்துதான் இருக்கும். மேலே போய்விட்டால் அலை தன்னை விட்டு விலகுவதாகத் தெரியும். வி1-இல் பி முழுக்கக் கீழே, வி2-இல் பாதியாவது கீழே, இரண்டும் பார்க்க ஏவிஆர் (வலது கைப் பக்கமிருந்து பார்க்கும் லீட், அதாவது கோடு) மாதிரி. இப்படி வந்தால் காகிதத்தைக் கிழித்துக் கொடுக்காதீர்கள். மறுபடி எண்ணுங்கள்.

எண்ணுவது எப்படி? காரை எலும்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் விலா அதற்கடியில் ஒளிந்திருக்கும், விரலுக்குச் சரியாகச் சிக்காது, கணக்கு தவறிவிடும். தொண்டைக்குழியில் விரலை வைத்து நெஞ்செலும்பின் மேலேயே மெதுவாகக் கீழே இறக்குங்கள். கொஞ்ச தூரத்தில் குறுக்காக ஒரு மேடு தட்டும். ஒல்லியானவர்களுக்குக் கண்ணுக்கே தெரியும், பருமனானவர்களுக்கு அழுத்தித் தேட வேண்டும். அங்கிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டாவது விலா. அதற்குக் கீழே இருப்பது இரண்டாவது இடைவெளி. விரலை எடுக்காமல் மூன்று, நான்கு என்று இறங்குங்கள். நெஞ்செலும்பின் வலது ஓரத்தில் வி1, அதே மட்டத்தில் இடது ஓரத்தில் வி2. அடுத்தது வி3 இல்லை, வி4. ஐந்தாவது இடைவெளியில், காரை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி4 இருக்கும் அதே மட்டத்தில் அக்குளின் முன்கோட்டில் வி5, நடுக்கோட்டில் வி6. விலாவின் வளைவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடக் கூடாது, இதுவும் நிறையப் பேர் செய்வது.

கையில் எங்கே மாட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. ஈசிஜியின் முன்னோடியான ஐந்தோவன் காலத்தில் நோயாளியின் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரத்தில் முக்கித்தான் ஈசிஜி எடுத்தார்கள். அதற்குத்தான் அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு அப்படி இல்லை. இந்த ஆறு இடங்களையும் அமெரிக்க, பிரிட்டிஷ் இதய மருத்துவ அமைப்புகள் 1938இல் சேர்ந்து நிர்ணயித்தன. அன்றிலிருந்து உலகம் முழுக்க எந்தப் புத்தகத்தில் 'நார்மல்' என்று போட்டிருந்தாலும், அது அந்த ஆறு இடங்களுக்கான நார்மல்.

அனுபவம் இருந்தால் போதும், தானாகச் சரியாக வரும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் ஓர் ஆய்வில் வி1-இன் இடத்தைக் குறிக்கச் சொன்னபோது டெக்னீசியன்களில் 90 சதவீதம் பேர் சரியாகக் குறித்தார்கள். இதய மருத்துவர்களில் சரியாகக் குறித்தவர்கள் 16 சதவீதம். நான் இதை டாக்டர்களைக் குறை சொல்லச் சொல்லவில்லை. இது நம்முடைய வேலை, நாம் விட்டால் பின்னால் பிடிக்க ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஆளுக்குக் காலையில் ஒருவர் எடுப்பார், ராத்திரி இன்னொருவர் எடுப்பார். ஆளுக்கொரு இடத்தில் வைத்தால் இரண்டு காகிதமும் பொருந்தாது. இதயத்தில் எதுவும் மாறியிருக்காது, ஆனால் புது மாற்றம் என்று ராத்திரி டியூட்டி டாக்டரை ஓடவைக்கும். முதல்முறை எடுக்கும்போதே ஆறு இடத்திலும் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள்.

பெண்களுக்கு எடுக்கும்போது கூச்சத்தை இடத்தில் காட்டுவது

மேலே சொன்ன தவறு பெண்களுக்குத்தான் அதிகம் நடக்கிறது. ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லத் தயங்கி, கழுத்துப் பக்கம் இழுத்துவிட்டு, தெரிகிற இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள். வி4-ஐ மார்பகத்தின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். மார்பகத்துக்கு அடியில், நெஞ்சுச் சுவரில் வைக்க வேண்டும். தயக்கத்துக்கு மருந்து திரையும் முன்கூட்டியே பேசுவதும்தான். "அம்மா, ஹூக்கைக் கழற்றணும், திரை போட்டாச்சு, சிஸ்டர் பக்கத்துலயே இருக்காங்க, முடிஞ்சதும் மூடிக்கலாம்." இவ்வளவு சொன்னால் யாரும் மறுப்பதில்லை. தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை, எலெக்ட்ரோடில் படாமல் தோள்பக்கம் ஒதுக்கினால் போதும். அதைக் கழற்றச் சொல்லி ஒரு பாட்டியை அழவைத்ததைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லாத அழுகை.

கை வயர்களை மாற்றி மாட்டுவது

சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். சில மெஷின்களில் அமெரிக்க நிறமுறை இருக்கும், அதனால் வயரில் உள்ள எழுத்தையும் படியுங்கள். கைகள் மாறினால் லீட் 1 (இரண்டு கைகளுக்கும் இடையில் எடுக்கும் கோடு) தலைகீழாகும், ஏவிஆர் நிமிர்ந்துவிடும். இதயம் வலப்பக்கம் இருப்பவர்களுக்கும் லீட் 1 இப்படித்தான் வரும். ஆனால் அவர்களுக்கு வி1-இலிருந்து வி6 போகப் போக ஆர் குறைந்துகொண்டே போகும். வயர் மாறியவருக்கு நெஞ்சு லீடுகள் வழக்கம்போலவே இருக்கும். லீட் 2 மட்டும் கிட்டத்தட்ட நேர்கோடாக வந்தால் வலது கையும் வலது காலும் மாறியிருக்கின்றன.

கோடு அழகாக வர ஃபில்டரைப் போடுவது

கோடு ஆடினால் உடனே பொத்தானை அழுத்தாதீர்கள். சில ஃபில்டர்கள் எஸ்டி பகுதியையே (எஸ்-க்கும் டி அலைக்கும் நடுவில் ஓடும் கோடு) ஏற்றி இறக்கிக் காட்டும், அட்டாக்கைத் தேடுவதே அந்தப் பகுதியில்தான். முதலில் ஏசியைக் குறைத்து ஒரு போர்வை கொடுங்கள். கைகளைத் தளர்த்தச் சொல்லுங்கள். பார்க்கின்சன் நடுக்கம் இருந்தால் கை எலெக்ட்ரோடைத் தோளுக்கு அருகே மாட்டி, அப்படி மாட்டியதைக் காகிதத்தில் எழுதுங்கள். எல்லாம் செய்தும் ஆடினால் அப்புறம் ஃபில்டர்.

வேகம் நொடிக்கு 25 மி.மீ., உயரம் மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ.

மாற்றியிருந்தால் காகிதத்தில் எழுதுங்கள்.

மெஷின் அச்சடித்த 'நார்மல்' என்பதை வாசித்துக் காட்டுவது

செய்யாதீர்கள்.

ஒரு ஈசிஜியோடு முடித்துக்கொள்வது

நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் முதல் ஈசிஜி எடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். அது நார்மலாக வந்தால் என்ன செய்வது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ரத்தக்குழாய் அடைபடத் தொடங்கிய நேரத்தில் காகிதத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலி நிற்கவில்லை என்றால் 15 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும், வலி கூடினால் உடனே. "கேஸ்தான் சார், சோடா குடிச்சா போயிடும்" என்று நோயாளியே எழுந்து கிளம்புவார். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் இருக்கலாம். அனுப்புவதும் வைத்துக்கொள்வதும் டாக்டர் முடிவு, சரி. ஆனால் வலி இன்னும் இருக்கிறது, நெற்றி வியர்க்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்கும் நாம்தான் முதலில் பார்க்கிறோம். அதைப் போய்ச் சொல்ல வேண்டும். 2023இல் வந்த தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்துக்குப் பிறகு அட்டாக்குக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. மாத்திரை அங்கே இருந்தும் இரண்டாவது ஈசிஜி எடுக்காததால் ஒருவர் வீட்டுக்குப் போனால் என்ன பயன்?

இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் எஸ்டி ஏறியிருந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் வி4 வயரை எடுத்து வலது நெஞ்சில் அதே இடத்தில் வையுங்கள். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் அங்கே தெரியும். அப்படிப்பட்டவருக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். மெஷின் அதையும் வி4 என்றுதான் அச்சடிக்கும். அடித்துவிட்டுப் பேனாவால் 'வி4ஆர்' என்று எழுதுங்கள்.

பெயரும் நேரமும்

நோயாளியின் படுக்கை அருகிலேயே எழுதுங்கள். வலி இருக்கும்போது எடுத்ததா, வலி நின்ற பிறகு எடுத்ததா என்பதையும்.

காகிதத்தை அப்படியே கொடுத்து அனுப்புவது

ஈசிஜி காகிதம் வெப்பத்தில் அச்சாகும் காகிதம். வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் கிடந்தால் கோடு வெளிறிவிடும். பத்திரமாக வைக்க வேண்டும் என்ற அக்கறையில் சிலர் லேமினேட் செய்யக் கொடுத்துவிடுகிறார்கள். உருளையின் சூடு பட்டதும் முழுக் காகிதமும் கறுத்துவிடும், அதோடு பழைய ஈசிஜி போச்சு. அடுத்தமுறை நெஞ்சுவலி என்று வரும்போது டாக்டர் முதலில் கேட்பது அந்தப் பழைய காகிதத்தைத்தான். அதனால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், செல்போனிலும் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள், தேதியும் நேரமும் படத்தில் தெரிய வேண்டும், லேமினேட் மட்டும் வேண்டாம்.