தோப்பிலோ கிட்டங்கியிலோ கல்யாணம் நடத்த இடம் பார்ப்பது எப்படி

இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியிலிருந்து சாயல்குடி வரையிலான கரையோர ஊர்களில் பந்தல் போடுவது என் தொழில். என் அப்பாவுக்கும் அதுதான் தொழில். அவர் காலத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். பிறகு எல்லோரும் மண்டபத்துக்குப் போனார்கள். இப்போது மறுபடியும் வெட்டவெளிக்கு வருகிறார்கள். வெளிநாட்டில் பழைய தானியக் களஞ்சியங்களை அலங்கரித்துத் திருமணம் நடத்தும் படங்களைப் பிள்ளைகள் செல்போனில் காட்டி, "நம் பக்கம் இப்படி இடம் இருக்கிறதா அண்ணே?" என்று கேட்கிறார்கள்.

இருக்கிறது. தென்னந்தோப்புக்குள் தேங்காய் குவித்துவைக்கும் ஓட்டுக் கொட்டகைகள் இருக்கின்றன. கீழக்கரை போன்ற பழைய துறைமுக ஊர்களில் ஒரு காலத்தில் சரக்கு அடைத்துவைத்த கிட்டங்கிகள் இருக்கின்றன. தடித்த சுவர், உயர்ந்த முகடு, பனஞ்சட்டம் தாங்கும் கூரை. அங்கே ஒரு கல்யாணம் நடப்பதைப் பார்க்க எனக்கு மனம் நிறைகிறது. ஆனால் இவை எவையும் கல்யாணத்துக்காகக் கட்டியவை அல்ல. மண்டபத்தில் கேட்காமலே கிடைக்கிற தண்ணீர், கரண்ட், கழிப்பறை, நிழல் எல்லாவற்றையும் இங்கே நாமே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இடத்தின் வாடகை குறைவாக இருக்கும். சேர்க்கிற செலவு அதைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முன்பணத்தைக் கையில் எடுங்கள்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த மாதம் என்பதைத்தான். இந்தக் கரையில் இடத்தின் குணத்தைத் தீர்மானிப்பது காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் கரையில் அது மணலை வாரி முகத்தில் இறைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அந்த இரண்டு மாதங்களில் கரையோரத்தில் திறந்தவெளிக் கல்யாணம் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுவேன்; புயல் சின்னம் எந்த முகூர்த்தத்தையும் பார்த்துக்கொண்டு வருவதில்லை. தை, மாசி நல்ல மாதங்கள். ஆனால் இரவில் பனி இறங்கும். விடியற்காலை முகூர்த்தம் என்றால் நாற்காலியும் துணியும் நனைந்திருக்கும். கூரையுள்ள இடம் அப்போது உதவும். பங்குனி, சித்திரையில் வெயிலைத் தாங்க அடர்ந்த தோப்பு வேண்டும்.

இடத்தைக் கல்யாணம் நடக்கப்போகும் அதே பருவத்தில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை ஏழரைக்கு முகூர்த்தம் என்றால் காலை ஏழரைக்கு அங்கே நில்லுங்கள். ஓராண்டு முன்னதாகப் பார்க்க முடியாதவர்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வயதான ஒருவரிடம் விசாரியுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கருவாடு எங்கே காய்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் இடம் பார்க்க வருகிறவர்களுக்குக் கரையில் பல களங்கள் வெறுமையாகத் தெரியும். பெருக்கிவிட்ட மணலும் நான்கைந்து பாய்களும் மட்டும்தான் கிடக்கும். ஆவணியில் அதே களத்தில் கருவாடு நிறைந்திருக்கும். களம் உங்கள் இடத்துக்குத் தென்மேற்கில் இருந்தால் கச்சான் அந்த வாடையை மணவறைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். அதே இடத்தில் தை மாதம் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் ஒன்றும் தெரியாது. களம் அவர்களுடைய பிழைப்பு. ஒருநாள் நிறுத்தச் சொல்லிக் கேட்பது நியாயமில்லை. நாம்தான் திசை பார்த்து இடம் பிடிக்க வேண்டும். சமையல் கொட்டகைக்கும் இதே கணக்குதான். விறகடுப்புப் புகை பந்திக்குப் போகாத பக்கத்தில் அடுப்பு மூட்ட இடம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

அடுத்தது தலைக்கு மேல். ஓட்டுக் கொட்டகைக்குள் போனால் எல்லோரும் முகட்டை அண்ணாந்து பார்த்து அழகு என்கிறார்கள். பார்வையைச் சுவரோரமாகக் கொண்டுபோங்கள். சட்டத்தின் முனை சுவருக்குள் புகுகிற இடம்தான் முதலில் உளுத்துப் போகும். ஒரு சாவியால் அங்கே குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் என்றால் சாவி நுழையாது. தூள் கொட்டினால் அந்தக் கூரையில் விளக்கு, பூச்சரம், மின்விசிறி எதையும் தொங்கவிடக் கூடாது. தனியாகக் கால் நட்டுச் சாரம் கட்டித்தான் தொங்கவிட வேண்டும். அது தனிச் செலவு. இரும்புத் தூண் உள்ள தகரக் கொட்டகை என்றால் தூணின் அடியைப் பாருங்கள். உப்புக் காற்று தரையை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில்தான் இரும்பைத் தின்னும். மேலே புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அடியில் செதில் செதிலாக உரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

தென்னந்தோப்பில் கல்யாணத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன்பு மரமேறுபவரைக் கூப்பிட்டு, பந்தலுக்கு மேலும் நடைபாதைக்கு மேலும் இருக்கிற மரங்களில் நெற்று, காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். தோப்புக்காரர் "போன வாரம்தான் வெட்டினோம்" என்பார். விற்பனைக்கு வெட்டுகிறவர்கள் முற்றிய குலையை மட்டும் எடுப்பார்கள். தொங்கும் மட்டையை விட்டுவிடுவார்கள். துணிப் பந்தல் தேங்காயைத் தடுக்காது.

தரையையும் மிதித்துப் பாருங்கள். கடற்கரை மணலில் கால் நட்டால் பிடிக்காது. மூன்றடி ஆழம் தோண்டி, மணல் மூட்டை போட்டு, இழுகயிறு கட்ட வேண்டியிருக்கும். நான்கு பக்கமும் துணியால் மூடிய பந்தல் காற்றில் பாய் மாதிரி தூக்கும். அதனால் காற்று வரும் பக்கமும் போகும் பக்கமும் வழி விட்டுத்தான் நான் கட்டுவேன். மூடிக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சுற்றிலும் சீமைக் கருவேலம் இருந்தால் இடத்தைப் பெருக்கியிருந்தாலும் முள் இருக்கும். வெறுங்காலுடன் நடக்கப்போகும் மணமக்களையும் ஓடியாடும் குழந்தைகளையும் நினைத்து, மணவறையைச் சுற்றிக் கனத்த ஜமுக்காளம் விரிக்கிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிடுகு, அதாவது முடைந்த தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை பற்றி என் கருத்து கடுமையானது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் அதை மறக்கவில்லை. கிடுகுக் கூரையின் கீழ் ஹோமம் வளர்க்க வேண்டாம், வீடியோ விளக்கு வேண்டாம், ஒயர் ஓட்ட வேண்டாம். அந்தக் குளிர்ச்சி வேண்டும் என்றால் கிடுகைத் தட்டியாக முடைந்து பக்கவாட்டில் வெயிலுக்கு மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் விளக்கும் ஒயரும் தள்ளியே இருக்கட்டும். கிட்டங்கிக்கு வேறு சிக்கல். பெரும்பாலும் ஒரே வாசல்தான் இருக்கும்; சரக்கைக் காக்கக் கட்டியது அல்லவா. இரண்டாவது வாசல் திறக்காத கிட்டங்கியில் சடங்கை மட்டும் வெளி முற்றத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே வரவேற்பும் இருக்கைகளும் போடலாம். அதுவும் எந்நேரமும் அறுபது, எழுபது பேருக்கு மேல் உள்ளே இல்லாதபடி.

தண்ணீர்தான் நம் மாவட்டத்தில் பெரிய பாடு. கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பு. குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். அதில் பருப்பு வேகாது. சாம்பார் வைக்கிற சமையல்காரர் அடுப்படியில் நின்று திண்டாடுவார். தோப்புக்காரர் நல்ல தண்ணீர் என்று சொன்னால், ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைப் போட்டு வேகவைத்துப் பாருங்கள். பருப்பு கரைந்தால் சமையலுக்கு அந்தக் கிணற்றை நம்பலாம். கரையாவிட்டால் சமையலுக்கும் குடிக்கவும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். சமையல், கை கழுவுதல், கழிப்பறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 லிட்டர் என்று நான் கணக்கு வைப்பேன். 500 பேர் என்றால் 10,000 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு பெரிய லாரி. அந்த லாரி தோப்புக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதையும் பாருங்கள். தண்ணீர் நிறைந்த லாரி மணல் பாதையில் இறங்கினால் புதைந்துவிடும். முதல் நாளே கெட்டியான தரையில் தொட்டி வைத்து, அங்கிருந்து குழாய் இழுப்பது நல்லது.

கரண்ட் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. தோப்பில் மோட்டாருக்கு இருப்பது பெரும்பாலும் விவசாயத்துக்கான இலவச மின்சாரம். அதிலிருந்து சீரியல் விளக்குக்குக் கம்பி இழுப்பது சட்டப்படி தவறு. அபராதம் தோப்புக்காரர் தலையில் விழும். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், அல்லது முழுவதும் ஜெனரேட்டரில் நடத்துங்கள். ஜெனரேட்டரைக் காற்று போகும் பக்கத்தில், மேளக்காரர்களுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள். நாதஸ்வரத்தின் மேல் எஞ்சின் சத்தம் ஏறுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

மணமக்கள் கிழக்குப் பார்த்து உட்காருவார்கள். கிழக்கே கடல் திறந்து கிடக்கிற இடம் படத்துக்கு அழகு, ஆனால் காலை வெயில் நேராகக் கண்ணில் விழும். ஹோமப் புகையும் வெயிலும் சேர்ந்தால் பெண்ணின் கண் கலங்கி மை வழியும். கிழக்கே பத்தடி தள்ளி மரநிழல் விழுகிற இடமாகப் பார்த்து மணவறையை அமையுங்கள். கடல் பின்னணியில் படம் வேண்டும் என்றால் மாலையில் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருக்கும் பெரியவர்களில் முழங்கால் வலி உள்ள ஒருவரை இடம் பார்க்கும்போது கூடவே அழைத்துப் போங்கள். "ஆச்சி, வண்டியிலிருந்து இறங்கி அந்தக் கொட்டகை வரைக்கும் நடந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே சுவரைப் பிடிக்கிறார் என்று கவனித்தால் எங்கே பலகை போட வேண்டும், எங்கே நாற்காலி வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கழிப்பறை வரைக்கும் அவர் போய் வரட்டும். தோப்பில் இருக்கிற ஒற்றைக் கழிப்பறை மணப்பெண் வீட்டாருக்கே போதாது. வாடகைக்கு வரும் நகரும் கழிப்பறைகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது மேற்கத்திய வகையாக இருக்கட்டும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடத்தின் பட்டாவைக் கேட்டுப் பாருங்கள். தோப்பு பட்டாவாக இருக்கும். அதற்கு முன்னால் இருக்கிற கரை புறம்போக்காக இருக்கலாம். அங்கே பந்தல் போட முன்கூட்டியே கேட்டுத்தான் ஆக வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு என்பதால், சிமென்ட் மேடை கட்டித் தருவதாக உரிமையாளர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பக்கத்தில் பள்ளிவாசலோ கோயிலோ சர்ச்சோ இருந்தால் அவர்களின் வழிபாட்டு நேரத்தைக் கேட்டுக்கொண்டு மேளத்தை அமைத்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம்.

எல்லாம் பிடித்துவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்த நாள் காலையில் இடம் நம் கைக்கு வரும், எப்போது திருப்பித் தர வேண்டும், மழை வந்தால் கொட்டகையைச் சேர்த்துத் தருவார்களா, மரம் ஏறுகிற கூலி யாருடையது. பந்தல் போட முழுதாக இரண்டு நாட்களும் பிரிக்க ஒரு நாளும் வேண்டும்; பலர் ஒரு நாள் வாடகை என்று பேசிவிட்டு என்னை அவசரப்படுத்துகிறார்கள்.

அந்தத் தாளில் எச்சில் இலையை யார் அள்ளுவது என்பதும் இருக்கட்டும். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உண்டு. இருந்தும் பந்திக்குப் பிளாஸ்டிக் தம்ளர் வந்துவிடுகிறது. கரையில் ஒரு தம்ளர் உருண்டால் அடுத்த காற்றில் அது கடலுக்குள் போய்விடும். மன்னார் வளைகுடாவில் ஆமையும் ஆவுளியா என்கிற கடற்பசுவும் மேய்கிற கடல் அது. எவர்சில்வர் தம்ளரை வாடகைக்கு எடுங்கள். பந்தி நடக்கும்போதே இலை அள்ள இரண்டு பேரைத் தனியாக நிறுத்துங்கள், மூடி போட்ட தொட்டிகளை முதல் நாளே இறக்குங்கள். தோப்பைச் சுற்றி நடந்து பார்த்து, இடம் சுத்தமாக இருக்கிறது என்று உரிமையாளர் சொன்ன பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.