திம்பம் ஏறும் டர்போ காருக்கு ஏற்ற இன்டர்கூலர்

டயர் கடையில் ஓடும் இரண்டு கட்டக் கம்ப்ரசரின் சிலிண்டர்களுக்கு நடுவே செதில் வைத்த குழாய் ஒன்று செல்வதைக் கவனித்திருந்தால், உங்களுக்கு இன்டர்கூலர் ஏற்கெனவே அறிமுகமானதுதான். காரில் டர்போ (இன்ஜினின் புகைவேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் செல்லும் காற்றை அழுத்தும் கருவி) அழுத்தும் காற்றும் சூடாகிறது; அது இன்ஜினுக்குள் நுழையும் முன் அதைக் குளிர்விப்பதே இன்டர்கூலரின் வேலை. குளிர்விக்காவிட்டால், சூட்டில் காற்று விரிய முனைவதால், இன்ஜின் சிலிண்டருக்குள் அடங்கும் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. பெட்ரோல் காரில், எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானே பற்றித் தட்டல் ஓசை எழுப்பும் நாக்கிங் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

கோடையில் 35 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்றை, 70 விழுக்காடு செயல்திறனுள்ள டர்போ 1 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்துக்கு) அழுத்தினால், அது ஏறத்தாழ 130 டிகிரியில் வெளிவரும். இன்டர்கூலர் அதை 55 டிகிரிக்கு இறக்கினால் காற்றின் அடர்த்தி சுமார் 23 விழுக்காடு கூடும்; ஆனால், அதன் உள்வழிகளைக் கடப்பதற்குள் 0.1 பார் அழுத்தம் இழக்கப்பட்டால் ஆதாயம் 17 விழுக்காடாகச் சுருங்கிவிடும். விற்பவர் முதல் கணக்கை மட்டுமே சொல்வார்; இரண்டாவதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, ஓட்டும் சாலை. கோவை–சேலம் நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று தாராளமாக மோதுவதால், மாற்றம் செய்யப்படாத காருக்கு நிறுவனம் பொருத்திய இன்டர்கூலரே போதும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலோ வண்டி ஊர்ந்து செல்ல, இன்ஜின் மட்டும் முழுச் சுமையில் திணறும். உலோகப் பட்டைகளையும் தகடுகளையும் அடுக்கிச் செய்த, கனமான பார் அண்ட் பிளேட் வகை, தன் உலோகத்திலேயே வெப்பத்தைச் சிறிது நேரம் தாங்கிக்கொள்வதால் இத்தகைய ஏற்றத்துக்குப் பொருந்தும். ஒருமுறை சூடேறிவிட்டால் ஆறுவதற்கும் அது நேரமெடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. மெல்லிய குழாய்களுக்கிடையே செதில்கள் வைத்த டியூப் அண்ட் ஃபின் வகை இலகுவானது, விரைவில் ஆறக்கூடியது. தண்ணீரால் குளிர்விக்கும் வகைக்குத் தனிப் பம்பும் ரேடியேட்டரும் தேவைப்படுவதால், இடநெருக்கடி இருந்தாலன்றி அதை நான் பரிந்துரைப்பதில்லை.

தடிமனைவிட முகப்பின் பரப்பளவையே பெரிதாகத் தேடுங்கள். தடித்த இன்டர்கூலரில், பின்பக்கச் செதில்களை எட்டும் காற்று முன்பக்கத்திலேயே சூடாகியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர், பழைய இன்டர்கூலரின் செதில்களில் அப்பிய சேற்றையும் பூச்சிகளையும் கழுவி, காற்று செல்லும் ஹோஸ்களையும் அவற்றின் கிளாம்புகளையும் சோதியுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற ஓசையும் டீசல் வண்டியில் கரும்புகையும் வந்தால், கிழிந்த ஹோஸ் ஒன்றே காரணமாக இருக்கக்கூடும்.

புதியதைப் பொருத்திய பின், ஏசியை ஓடவிட்டு நண்பகலில் மலையேறிப் பாருங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலை முன்பைவிட உயர்ந்தால், ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றை இன்டர்கூலர் மறைக்கிறது என்று பொருள்.