பக்கத்துப் பையன் .300, நம் பையன் .260: ஹைஸ்கூல் பேஸ்பால் கணக்கை ஒப்பிடும் முன்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பேஸ்பால் சீசன் தொடங்கிவிட்டால், கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பாதிப் பேர் ஃபோனில் ஸ்கோரையும் ஒவ்வொரு பையனின் கணக்கையும் காட்டும் கேம்சேஞ்சர் செயலியைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஒப்பிடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒப்பிடுவதைச் சரியாகவாவது செய்யலாம். கிரிக்கெட்டில் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று: இங்கே பேட்டிங் ஆவரேஜ் என்பது ரன் கணக்கு இல்லை. பந்தை அடித்துவிட்டு ஓடிப் பேஸை (ஓடித் தொட வேண்டிய மூலை) அவுட்டாகாமல் அடைவது ஹிட்; கணக்கில் சேரும் பேட்டிங் வாய்ப்பு அட்-பேட். ஹிட்களை அட்-பேட்களால் வகுத்தால் வருவது. பத்துக்கு மூன்று ஹிட், அதாவது .300, நல்ல பேட்டிங்தான்.

ஆவரேஜோடு நின்றுவிடாமல் ஆன்-பேஸ் சதவீதத்தையும் (எத்தனை முறை பேஸை அடைந்தான் என்ற கணக்கு) போட்டுப் பாருங்கள். வாக் (நான்கு தவறான பந்து வந்து சும்மாவே பேஸுக்குப் போவது), பந்து உடம்பில் பட்டு பேஸுக்குப் போவது, சாக்ரிஃபைஸ் (தான் அவுட்டாகி அணிக்காரனை முன்னேற்றுவது) எதுவும் அட்-பேட்டில் சேராது. ஒரு பையன் 60 அட்-பேட்டில் 18 ஹிட், 4 வாக்: ஆவரேஜ் .300. இன்னொருவன் 50-இல் 13 ஹிட்: .260. ஆனால் இவனுக்கு 16 வாக், 3 முறை உடம்பில் பந்து, ஒரு சாக்ரிஃபைஸ் ஃப்ளை (உயர அடித்துக் கேட்ச் ஆனாலும் அதில் ரன் வருவது). ஹிட், வாக், உடம்பில் பட்டது மூன்றையும் கூட்டி, அட்-பேட், வாக், உடம்பில் பட்டது, சாக்ரிஃபைஸ் ஃப்ளை நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முதல்வனுக்கு 22/64, அதாவது .344. இரண்டாமவனுக்கு 32/70, அதாவது .457. கேலரியில் முதல்வன் அப்பாவுக்குத்தான் கைகுலுக்கல் கிடைக்கும். அதிக முறை பேஸில் நின்றவன் என்னவோ இரண்டாமவன்.

அடுத்து, அந்த ஹிட்டை ஹிட் என்று எழுதியது யார்? பல பள்ளிகளில் ஸ்கோர் போடுவது ஒரு பெற்றோர், இல்லையென்றால் பெஞ்சில் இருக்கும் ஒரு மாணவன். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையில் நிற்பவன்) கையிலிருந்து நழுவிய பந்தை ஒருவர் ஹிட் என்பார், இன்னொருவர் எரர் (ஃபீல்டரின் தவறு, ஹிட் ஆகாது) என்பார். 60 அட்-பேட்டில் இப்படி நான்கு பந்தை ஹிட் என்று எழுதினால் .333, எரர் என்று எழுதினால் .267 ஆகலாம். ஒரு சீசனின் எண்ணிக்கை அவ்வளவு சிறியது. ஆவரேஜில் 50, 60 புள்ளி (.050, .060) வித்தியாசத்தை வித்தியாசம் என்றே எண்ணாதீர்கள். வார்சிட்டி (பள்ளியின் முதல் அணி) பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, எதிர்கொண்ட .250-ஐ ஜூனியர் வார்சிட்டியில் (இரண்டாம் அணி) எடுத்த .380-உடன் வைத்துப் பார்ப்பதிலும் பொருளில்லை.

பிட்சரின் ஈ.ஆர்.ஏ.வில் (ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த எர்ன்ட் ரன், அதாவது எரர் இல்லாமல் வந்த ரன்) வேறொரு பொறி. ஹைஸ்கூல் ஆட்டம் 7 இன்னிங்ஸ் என்பதால் எர்ன்ட் ரன்னை 7-ஆல் பெருக்கி, போட்ட இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். 30 இன்னிங்ஸில் 12 எர்ன்ட் ரன் என்றால் 2.80. அதையே மேஜர் லீக் வழக்கப்படி 9-ஆல் பெருக்கினால் 3.60. பந்து வீச்சு மாறவில்லை, பெருக்கிய எண்தான் மாறியது. ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் 5.2 இன்னிங்ஸ் என்பது ஐந்தும் மூன்றில் இரண்டும். கால்குலேட்டரில் அப்படியே 5.2 என்று தட்டினால் விடை தப்பும்.

கேட்சரின் (பேட் செய்பவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவன்) ரன் கணக்கைப் பார்த்து வருந்த வேண்டாம். பல மாநிலங்களின் ஹைஸ்கூல் விதிப்படி கேட்சரும் பிட்சரும் பேஸை அடைந்ததும் அவர்களுக்குப் பதிலாக வேறொருவனை ஓடவிடலாம். அடித்தது ஒருவன், ரன்னும் ஸ்டோலன் பேஸும் (அடிக்காமலே ஓடிப் பிடித்த அடுத்த பேஸ்) இன்னொருவன் கணக்கில்.

வேகத்தை மட்டும் போட்டி போட்டு ஒப்பிடாதீர்கள். ரேடார் காட்டும் பந்து வேகமும் ‘என் பையன் முழு ஆட்டமும் போட்டான்’ என்ற பேச்சும்தான் முழங்கைக் காயத்தில் போய் முடிகின்றன. மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலில் 15-16 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்து, 17-18 வயதுக்கு 105. 15-16 வயதில் 76 பந்தோ அதற்கு மேலோ வீசினால் 4 நாள் ஓய்வு. பள்ளி ஆட்டங்களுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனி வரம்பு வைத்திருக்கிறது; அதை அந்தந்த மாநிலச் சங்கத்தின் தளத்தில் பாருங்கள். செவ்வாய் பள்ளிக்காகவும் சனி டிராவல் டீமுக்காகவும் (பள்ளிக்கு வெளியே ஆடும் அணி) வீசும் பையனுக்கு இரண்டையும் சேர்த்து எண்ண வீட்டில் ஒருவர் வேண்டும், ஏனென்றால் இரு கோச்களும் அவரவர் பந்தை மட்டும்தான் எண்ணுவார்கள். இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பில் முகச்சவரம் செய்யும் பையனும் இன்னும் குரல் உடையாத பையனும் ஒரே அணியில் இருப்பார்கள். அங்கே வேக வித்தியாசம் பெரும்பாலும் வளர்ச்சியின் வித்தியாசம்.

உருப்படியான ஒப்பீடு போன வருடத்து அதே பையனோடுதான். ஒரு நோட்டில் மூன்று வரி போதும்: பேட் செய்யப் பிளேட்டுக்கு வந்த மொத்தத்தில் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) எவ்வளவு, வாக் எவ்வளவு, பிட்சரானால் ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பந்து. போன வருடம் 64-க்கு 20 ஸ்ட்ரைக் அவுட், இந்த வருடம் 70-க்கு 12 என்றால், ஆவரேஜ் இறங்கியிருந்தாலும் பையன் தேறியிருக்கிறான். சீசன் முடியும்வரை நோட்டை அவனிடம் நீட்டாதீர்கள். காரில் ஏறும் முன்பே செயலியில் எல்லாம் பார்த்திருப்பான்.

கோச்சிடம் பேச வேண்டியிருந்தால் ஆட்டம் முடிந்த கையோடு போகாமல் ஒரு நாள் விடுங்கள். ‘அந்தப் பையனை ஏன் இறக்கினீர்கள்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மற்றவர் பிள்ளையைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். ‘இரண்டாவது பேஸில் இடம் கிடைக்க எதைச் சரிசெய்ய வேண்டும்’ என்று கேட்டால் பதில் வரும். அதையும் பையனே போய்க் கேட்பது மேல்.